செயல்திட்டவழிக் கற்றலையும் வகுப்பறைத் தொழில்நுட்பத்தையும் ஓர் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் நடத்துகிறவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். பயிற்சிகளில் திறன்பலகையை (ஸ்மார்ட் போர்டு) இயக்குவதும் செயலிகளைப் பதிவிறக்குவதும்தான் முதலில் வருகின்றன. அவை சீக்கிரம் கைவந்துவிடும். பிள்ளைகள் அந்தக் கருவியை எதற்காகத் தேடிப் போக வேண்டும் என்று யோசிப்பதுதான் கடினம். அதை நமக்காக வேறு யாரும் யோசிக்க மாட்டார்கள்.

செயல்திட்டம், அதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டே பாடம் கற்பது, நமக்குப் புதியதல்ல. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் செயல்திட்ட முறை பற்றி 1918-இல் எழுதிய கட்டுரையைப் பற்றி பி.எட். வகுப்பில் படித்திருப்போம். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடம் நடத்தச் சொன்னதுதான். ஆனால் பல பள்ளிகளில் இன்று செயல்திட்டம் என்றால், பாடம் முடிந்தபின் கடையில் வாங்கிய படங்களை ஒட்டிக் கொண்டுவரும் ஒரு கோப்பு. பெற்றோருக்குச் செலவு, பிள்ளைக்குப் பயன் இல்லை. வேலை நடக்க நடக்கப் பாடமும் நடக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது என்பது என் கருத்து.

எங்கள் வகுப்பில் நான் வைத்த கேள்வி இது: "நம் பள்ளிக் கூரையில் எவ்வளவு மழை விழுகிறது, அது எங்கே போகிறது?" தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. கூரையிலிருந்து இறங்கும் குழாயைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அதில் எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. நல்ல கேள்விக்கு அதுதான் அடையாளம்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் மழைமானி செய்தோம். நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, புனல்போலக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து அளவுகோல் தாளை ஒட்ட வேண்டும். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அவர்கள் குழுவின் பாட்டில் அகலமானது. அதில் அதிக மழை காட்டாதா?" நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பாட்டில்களையும் அருகருகே வைத்துப் பூவாளியால் ஒரே சீராகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அகலமான பாட்டிலில் தண்ணீர் அதிகம். உயரம் மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்பது அங்கேயே விளங்கிவிட்டது. பரப்பளவும் கன அளவும் அந்தப் பத்து நிமிடத்தில் பதிந்ததுபோல் கரும்பலகையில் என்னால் பதியவைக்க முடிந்ததில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். கூரையை நாடாவால் அளந்து இதைப் பிள்ளைகளே கணக்கிட்டபோது வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைத் தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தொழில்நுட்பம் இந்தக் கட்டத்தில்தான் உள்ளே வந்தது. வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. நாங்களும் அதே நேரத்தில் அளந்தோம். குறிப்பேட்டில் எண்கள் பெருகியதும், ஒவ்வொரு குழுவின் சராசரியையும் கையால் போட்டுப் போட்டுச் சலித்த பிள்ளைகள் குறுக்குவழி கேட்டார்கள். பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் விரிதாளை (எக்செல் போன்ற கணக்கிடும் மென்பொருள்) திறந்து காட்டினேன். ஒரு சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் விடை வருகிறது. வரைபடத்தைத் திரையில் போட்டதும் ஒரு குழுவின் கோடு மட்டும் தாழ்ந்தே கிடந்தது. காரணத்தை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள்: மழைமானி வேப்பமரத்தடியில் இருந்தது. அந்த எண்களை அழிக்க வேண்டாம், காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். அறிவியல் நேர்மையைக் கற்றுத்தர இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

நீங்கள் தொடங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். கணினியில் கை பழகிய பிள்ளையே விசைப்பலகையை எப்போதும் பிடித்துக்கொள்ளும். வாரந்தோறும் ஆளை மாற்றுங்கள். பெண்பிள்ளைகளைக் குறிப்பெடுக்க மட்டும் உட்கார வைக்கும் வழக்கத்தை வளரவிடாதீர்கள். இணையம் வராத நாளுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். விரிதாளுக்கு இணையம் தேவையில்லை. பாடநூலின் க்யூஆர் கோடு காணொளியைப் பிள்ளைகள் கேள்வியோடு வந்து நிற்கும்போது காட்டுங்கள். அப்போது அதையே கூர்ந்து பார்ப்பார்கள்.

பாடப்பகுதி முடியாதே என்ற கவலை நியாயமானது. ஆகவே எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நான் முயல்வதில்லை. பருவத்துக்கு ஒரு செயல்திட்டம் போதும். அதில் எந்தெந்தப் பாடங்கள் அடங்குகின்றன என்பதை முன்கூட்டியே பாடக்குறிப்பில் எழுதிவிடுங்கள். உங்கள் வகுப்புக்கு வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு, இருந்தால் மதிப்பெண்ணை அதில் சேர்க்கலாம். முடிவு சரியா என்பதற்கு மட்டும் மதிப்பெண் தராமல், அளந்த விதத்துக்கும் விளக்கிய விதத்துக்கும் பிரித்துக் கொடுங்கள். முதல் முறையாக இறங்குகிறீர்கள் என்றால், பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பை வெளியே கூட்டிப்போகும் நாளில் இன்னொரு பெரியவர் உடனிருப்பது பெரிய உதவி.