துணி துவைத்தால் கூடம் நனைகிறது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதிய ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினைப் பொருத்த வந்தவர், கழிவுநீர் ஹோஸைக் குளியலறைத் தரையிலுள்ள வடிகால் வாயான நானி டிராப்புக்குள் செருகிவிட்டுப் போனார். நீர் வெளியேறும்போதெல்லாம் கூடம் வரை ஓடுகிறது. நிறுவனத்தில் கேட்டால், “குழாய் வேலை எங்களுடையது அல்ல” என்கிறார்கள். (மன்னார்குடி வாசகி)

பதில்: அம்மா, தவறு உங்களுடையதும் அன்று, மெஷினுடையதும் அன்று. குளிக்கும் நீர் வடிவதற்காக வைத்த டிராப்பில் முடியும் பஞ்சும் சேர்ந்து வழி குறுகியிருக்கும். மெஷினின் பம்போ டிரம்மிலுள்ள நீர் முழுவதையும் ஓரிரு நிமிடங்களில் தள்ளிவிடும். 2 அங்குல பிவிசி குழாய் ஒன்றைச் சுவரோரம் நிமிர்த்தி, அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும் வளைவு டிராப் வைத்து, வாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. ஹோஸைச் செருகுமுன், புனல் வைத்து ஒரு வாளி நீரை நிறுத்தாமல் ஊற்றிப் பாருங்கள். அது பொங்கி வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

கையேட்டிலுள்ள முறையை மீறிப் பொருத்தியிருந்தால் அது சேவைக் குறைபாடு. படங்களுடனும் வேலைச் சீட்டுடனும் எழுத்தில் புகார் கொடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை கட்டணம் கிடையாது.

கேள்வி: மெஷின் நீரை நிரப்பிக்கொண்டே, வெளியேயும் விட்டுக்கொண்டே இருந்தது. 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மெஷினை இயக்கும் மின்னணு போர்டை மாற்றினார்கள். இப்போதும் அப்படியே இருக்கிறது. ஹோஸ் இறங்கும் இடத்தை எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறோம். (கும்பகோணம்)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு மனம் பதைத்தது. எத்தனை வீடுகளில் இந்த எம்-சீலைச் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்! ஹோஸைச் சுற்றிக் காற்றுப் புக வழியில்லாமல் அடைத்து, அதன் நுனியும் டிரம்மின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், வயலிலிருந்து ரப்பர் குழாய் வைத்து வாய்க்காலுக்கு நீர் இறக்குவதைப் போல, பம்ப் ஓடாதபோதும் நீர் தானாக இழுபட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஹோஸை 15 செ.மீ. மட்டும் உள்ளே விட்டு, சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் தடுப்பது கீழேயுள்ள டிராப்பில் நிற்கும் நீர்தான். பசைக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் பாராமல் போர்டின் மேல் பழி போட்டவர்கள் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அடைப்பைச் சுரண்டியதும் மெஷின் சரியாகிவிட்டால், அதைப் படம்பிடித்து, பில்லையும் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்; பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் செமி ஆட்டோமேட்டிக் வாங்கினேன். அதன் ஹோஸைச் சிங்க் உயரத்துக்குத் தூக்கிக் கட்டலாமா? (திருவையாறு)

பதில்: கூடாது. பெரும்பாலும் அவற்றில் நீரை மேலே தள்ளும் பம்ப் கிடையாது. வைக்கும் இடத்தைப் பாராமல் விலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நீர் எதிர்த்து வருகிறது. நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு வைத்தால் போதுமா? (மயிலாடுதுறை)

பதில்: போதாது. அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சுகுழி நிரம்பியிருந்தால், வால்வு வெளிநீரைத் தடுக்குமே தவிர உங்கள் நீருக்கு வழி கொடுக்காது. மெஷினுக்குத் தனிக் குழாய் போட்டுக் கொல்லையின் மேட்டுப்பக்கம் விடுங்கள்.

கேள்வி: ஹோஸ் எட்டவில்லை. நீட்டிப்பு ஹோஸ் வாங்கலாமா? (பாபநாசம்)

பதில்: நான் வாங்கினேன். மெல்லிய சுருள் ஹோஸ் அது. பிளாஸ்டிக் கிளிப் போட்டு இணைத்திருந்தார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு பகலில் இணைப்புக் கழன்று, கூடத்தில் அடுக்கியிருந்த விதைநெல் மூட்டைகளின் அடியில் நீர் தேங்கியது. இரண்டு நாள் கழித்துச் சாக்கைத் தூக்கியபோது, தையல் வழியே வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்தது. வடிகுழாயை மெஷினிடம் கொண்டு வாருங்கள். இயலாவிட்டால், அதே விட்டமுள்ள, இடையில் இணைப்பே இல்லாத ஒரே நீள ஹோஸை மாட்டச் சொல்லுங்கள்.