போர்க்களத்தில் முதலுதவி: ஓய்வுபெற்ற ராணுவ நர்ஸிங் அசிஸ்டென்ட் பதில் சொல்கிறார்

கேள்வி: மகன் பயிற்சி முடித்து யூனிட்டுக்குப் போயிருக்கிறான். குண்டு பட்டவனுக்கு முதலில் என்ன செய்வார்கள் ஐயா? (வேலூர்)

பதில்: முதலில் திருப்பிச் சுடுவார்கள் அம்மா. சுடப்படுகிற இடத்தில் உட்கார்ந்து கட்டுப்போட்டால் இரண்டு பேர் விழுவார்கள். அங்கே செய்யக்கூடிய ஒரே வைத்தியம், கை காலில் ரத்தம் பீய்ச்சினால் டூர்னிக்கெட், அதாவது ரத்தம் நிற்க இறுக்கி முறுக்கும் பட்டை, போடுவது. மறைவுக்கு இழுத்து வந்தபிறகுதான் மூச்சுவழி, மார்புக் காயம் என்று வரிசையாகப் பார்ப்பது. கடைசியில் கம்பளி போர்த்த வேண்டும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. ராஜஸ்தான் வெயிலிலும் போர்த்தத்தான் வேண்டும்.

கேள்வி: டூர்னிக்கெட் போட்டால் காலையே எடுக்க வேண்டி வருமாமே?

பதில்: இந்தப் பயம் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. 2001 முதல் 2011 வரை ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே இறந்த அமெரிக்க வீரர்களில், பிழைத்திருக்க வாய்ப்பிருந்தவர்கள் 976 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போனது ரத்தப்போக்கால். டூர்னிக்கெட் இரண்டு மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலும் கால் தப்பும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். அடிபட்டவன் வலியில் கத்துவான், விடாதீர்கள். போட்ட நேரத்தை எழுதுங்கள்.

1862 ஏப்ரல் 6, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷைலோ என்ற இடத்துச் சண்டை. ஜெனரல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனுக்கு முழங்காலுக்குப் பின்னால் குண்டு பட்டது. கூட இருந்த டாக்டரை மற்ற காயம்பட்டவர்களைப் பார்க்க அவரே அனுப்பியிருந்தார். பூட்ஸுக்குள் ரத்தம் நிறைந்து இறந்தார். டூர்னிக்கெட் அவர் பையிலேயே இருந்தது.

கேள்வி: அரை மணிக்கு ஒருமுறை தளர்த்தச் சொல்லித்தானே என்.சி.சி.யில் கற்றோம்?

பதில்: அது பழைய பாடம், மறந்துவிடுங்கள். தளர்த்தினால் உறைந்தது உடைந்து மறுபடி ரத்தம் போகும்.

கேள்வி: அதே என்.சி.சி. ஆள்தான். திசு அழுகாதா? எங்கள் சார் அனுபவஸ்தர்.

பதில்: அவர்மேல் எனக்கும் மரியாதை உண்டு தம்பி. ஆனால் கண்ணிவெடியில் கால் போன ஒரு ஜவானுக்கு நான் போட்ட கட்டை, 'பாவம், வலிக்கிறது' என்று கூட இருந்தவர் வழியில் தளர்த்திவிட்டார். வண்டித் தரை முழுக்க ரத்தம். அந்தப் பையன் வந்து சேரவில்லை. எப்போது கழற்றுவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆறு மணி நேரம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரும் தொடவே கூடாது.

கேள்வி: தொடை இடுக்கில் பட்டால்?

பதில்: அங்கே டூர்னிக்கெட் பிடிக்காது. துணியைக் காயத்துக்குள் ரத்தம் வரும் இடம்வரை திணித்து, முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். சாதாரணத் துணி என்றால் பத்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பாம்புக்கடிக்கும் இதே கட்டுதானே?

பதில்: கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கொஞ்சமாகத் தளர்த்தினால்?

பதில்: மூன்றாவது தடவை சொல்கிறேன். தளர்த்தாதீர்கள்.

கேள்வி: ஷூ கயிற்றால் கட்டலாமா?

பதில்: மெல்லிய கயிறு சதையை அறுக்கும், ரத்தம் நிற்காது. மூன்று விரல் அகலத் துணியும் முறுக்க ஒரு குச்சியும் வேண்டும். நேரத்தை நெற்றியிலாவது எழுதிவிடுங்கள்.