இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லையா? அமெரிக்க வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யு.எம். (அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட்: இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லாதபோது நம் பாலிசியே நமக்குப் பணம் கொடுக்கும் பிரிவு) பற்றியவை. ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இன்சூரன்ஸ் இல்லாமல்தான் வண்டி ஓட்டுகிறார். மாநிலத்தின் பெயரைப் போடாமல் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்று எத்தனை முறைதான் சொல்வது?

யு.எம். இருக்கிறது. காரில் இல்லாமல், ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டால்? (எடிசன், நியூ ஜெர்சி)

கிடைக்கும். சைக்கிளில் போனாலும் கிடைக்கும்.

கடை வாசலில் நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். யு.எம்.-இல் கிளெய்ம் போடலாமா? (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

முடியாது. உங்கள் மாநிலத்தில் வண்டிச் சேதத்துக்கான யு.எம். கிடைக்க, இடித்தவர் யார் என்றோ வண்டி எது என்றோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் உச்சவரம்பு 3,500 டாலர்தான். கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான பிரிவு) இருந்தால் அதில் போடுங்கள். டிடக்டிபிள், அதாவது முதலில் கைக்காசாகக் கட்ட வேண்டிய பங்கு, உங்கள் தலையில்.

ஏஜென்ட் 'ஃபுல் கவரேஜ்' என்று சொல்லித்தான் பாலிசி கொடுத்தார். சிக்னலில் நின்றிருந்த என்னைப் பின்னால் வந்து இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை. கழுத்து வலி, ஸ்கேன், பிசியோதெரபி என்று 20,000 டாலர் பில். என் பாலிசியில் யு.எம். இல்லையாம். ஏமாற்றிவிட்டார்களா? (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. 'ஃபுல் கவரேஜ்' என்று ஒரு பாலிசியே கிடையாது. லயபிலிட்டி (நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு), கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ போன்றவற்றால் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கு) மூன்றும் இருந்தால் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். உங்கள் கழுத்துக்கு அந்த மூன்றிலும் ஒரு சென்ட் கிடையாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. டெக்சாஸில் கம்பெனி யு.எம்.-ஐக் கொடுத்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் எழுத்து மூலம் மறுத்திருக்க வேண்டும். அந்த மறுப்புத் தாளின் நகலைக் கேட்டு மெயில் அனுப்புங்கள். காட்ட முடியவில்லை என்றால் உடனே வக்கீலைப் பாருங்கள், உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. பி.ஐ.பி.-க்கும் (தவறு யார் மேல் இருந்தாலும் உங்கள் சிகிச்சைச் செலவுக்குக் கொடுக்கும் பிரிவு) இதே விதிதான், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் அந்தத் தாள் அநேகமாக இருக்கும். ஆன்லைனில் பாலிசி எடுக்கிறவர்கள் பக்கம் பக்கமாக மளமளவென்று கிளிக் செய்துகொண்டே போகிறார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் யு.எம். வேண்டாம் என்பதற்கும் ஒரு டிக். அதுவும் கையெழுத்துதான். கார் கழுவ மாதம் முப்பது டாலர் சந்தா கட்டுகிறவர், யு.எம்.-க்குப் பத்துப் பதினைந்து டாலர் கூடும் என்றதும் அதை நீக்கிவிடுகிறார். ஏஜென்ட்டும் விலை குறைந்தால் விற்பனை முடிந்தது என்று வாயைத் திறப்பதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. படிக்காமல் டிக் செய்தவர் மேலும் உண்டு.

எல்லோருக்கும் மறுபடி சொல்கிறேன்: இன்றைக்கே பாலிசியின் சுருக்கப் பக்கமான டெக்லரேஷன் பேஜைத் திறந்து பாருங்கள். யு.எம்./யு.ஐ.எம். (இரண்டாவது, இடித்தவரின் இன்சூரன்ஸ் போதாதபோது) வரிக்கு எதிரே 100,000/300,000 என்பது போல எண்கள் இருக்க வேண்டும். முதல் எண் ஓர் ஆளுக்கு, அடுத்தது ஒரு விபத்துக்கு. வரி காலியாக இருந்தால், அல்லது வரியே இல்லையென்றால், உங்களிடம் யு.எம். இல்லை.

நான் டெக்சாஸ் ஆஸ்டினில், அண்ணன் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில். இரண்டு பேருக்கும் யு.ஐ.எம். ஒரு லட்சம் டாலர். கிடைப்பதும் ஒன்றுதானே?

இல்லை. இடித்தவரிடம் குறைந்தபட்ச லயபிலிட்டி மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-லிருந்து கலிஃபோர்னியாவிலும் அது ஓர் ஆளுக்கு 30,000, டெக்சாஸில் ஏற்கெனவே அவ்வளவுதான். காயத்தின் மதிப்பு இரண்டு லட்சம். டெக்சாஸில் அந்த 30,000-க்கு மேல் உங்கள் ஒரு லட்சம், ஆக 130,000 வரை வாங்கலாம். கலிஃபோர்னியாவில் அந்த 30,000-ஐ உங்கள் ஒரு லட்சத்திலிருந்து கழித்துவிட்டு 70,000 கொடுப்பார்கள், ஆக மொத்தம் ஒரு லட்சம். அண்ணன் வரம்பை 30,000-லேயே வைத்திருந்தால் இந்தக் கேஸில் யு.ஐ.எம். பூஜ்யம்.

அப்புறம், எதிராளியின் கம்பெனி ரிலீஸ் தாளை (இனி அவரிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது) நீட்டினால், உங்கள் கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு யு.ஐ.எம். கேட்டுப் போனவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீவேயில் ஒரு லாரி குறுக்கே வந்தது. விலகப்போய்த் தடுப்பில் மோதிவிட்டேன். லாரி நிற்கவில்லை. (ஹூஸ்டன், டெக்சாஸ்)

லாரி உங்கள் காரைத் தொட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, கேள்வியே அதில்தான் இருக்கிறது. அடையாளம் தெரியாத வண்டி என்றால் டெக்சாஸில் உரசியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் யு.எம். கிடையாது. கலிஃபோர்னியாவிலும் அப்படியே. அங்கே கூடுதலாக 24 மணி நேரத்தில் போலீஸுக்கும், 30 நாளில் கம்பெனிக்குச் சத்தியப் பிரமாணத்தோடும் தகவல் போக வேண்டும். டாஷ்கேமில் நம்பர் பிளேட் விழுந்திருந்தால் நிலைமையே வேறு. நூறு டாலர் கேமரா, வாங்கி மாட்டுங்கள்.

ஃப்ளோரிடாவில் இன்சூரன்ஸ் கட்டாயம். பிறகு எதற்கு யு.எம்.? (டாம்பா)

அங்கே கட்டாயம் என்பது பி.ஐ.பி. 10,000, பிறர் சொத்துக்கு 10,000. பிறர் உடம்புக்கான லயபிலிட்டி சாதாரண ஓட்டுநருக்குக் கட்டாயமில்லை. சட்டத்தை மதிக்கிறவர் இடித்தாலும் உங்கள் கால் முறிவுக்கு அவர் பாலிசியில் ஒன்றும் இல்லாமல் போகலாம். யு.எம்.-ஐ உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக அப்பா அம்மா சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். என் யு.எம். அவர்களுக்கும் உண்டா? (ஹெர்ண்டன், வர்ஜீனியா)

உங்கள் காரில் உட்கார்ந்திருக்கும்போது உண்டு. மாலையில் வாக்கிங் போகும்போது அடிபட்டால் சிக்கல். 'வீட்டில் வசிக்கும் உறவினர்' என்ற வரிக்குள் விசாவில் வந்தவர் வரமாட்டார் என்று கம்பெனி வாதாடும். விசிட்டர் மெடிக்கல் பாலிசியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு மில்லியன் டாலர் அம்ப்ரெல்லா பாலிசி இருக்கிறதே, போதாதா? (சான் டியாகோ, கலிஃபோர்னியா)

அது நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு. சில கம்பெனிகள் தனிப் பிரீமியத்துக்கு யு.எம்.-ஐயும் அதில் சேர்க்கும். கேட்டுப் பாருங்கள்.

என் கம்பெனியின் அட்ஜஸ்டர் (கிளெய்மை விசாரிப்பவர்) அன்பாகப் பேசினார். பேச்சை ரெக்கார்ட் செய்யலாமா என்றார். சரி என்கலாமா? (பிளேனோ, டெக்சாஸ்)

யு.எம். கிளெய்மில் பணம் கொடுக்க வேண்டியவர்கள் உங்கள் கம்பெனிதான், அவர்களே எதிர்த்தரப்பு. ஒத்துழைக்க வேண்டும் என்று பாலிசி சொல்வதால் மறுக்க முடியாது. வக்கீல் வைத்திருந்தால் அவர் பக்கத்தில் இருக்கட்டும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் மரியாதைக்காக 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிடாதீர்கள்.