முடக்குவாத மாத்திரை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தர்மபுரில மெடிக்கல் வச்சிருக்கேன், டாக்டர் இல்லீங்க. டோஸ கூட்டறது குறைக்கறது உங்க டாக்டர் வேலை.

பாலக்கோடு அக்கா: விரல் வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிருக்காங்க, பையன் அது கேன்சர் மருந்துங்கறான்?

அதே மருந்துதாங்க்கா, ஆனா அளவு மலைக்கும் மடுவுக்கும். முடக்குவாதத்துக்கு, அதாவது மூட்டு வீங்கி வலிக்கற நோய்க்கு, பொதுவா 7.5ல இருந்து 25 மில்லிகிராம் வரைக்கும்தான், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள்! ஒரு அம்மா தெனமும் போட்டுட்டு வாயெல்லாம் புண்ணா வந்து நின்னாங்க, கூழ் கூட எறங்கல, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்த அணுவெல்லாம் கொறஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். அதுலருந்து யார் வாங்கினாலும் உங்க ஊர் சந்தை என்னைக்குன்னு கேட்டு அந்த கிழமைய அட்டை மேல பேனால எழுதித்தான் குடுக்கறேன். கூட குடுக்கற ஃபோலிக் ஆசிட் மாத்திரைய வேற நாள்ல போடுங்க.

காவேரிப்பட்டணம் தம்பி: அம்மா மெத்தோட்ரெக்சேட் 3 வாரமா சாப்பிடறாங்க, வலி அப்படியே இருக்கு, நிறுத்திடலாமா?

நிறுத்தாதப்பா. இது வலி மாத்திரை இல்ல, நோயோட வேகத்த அடக்கறது, புடிக்கவே 6ல இருந்து 12 வாரம் ஆகும். ரத்த டெஸ்ட், லிவர் டெஸ்ட் மட்டும் சொன்ன தேதிக்கு எடுத்துடு. காய்ச்சல், மூச்சு வாங்கறது, வறட்டு இருமல்னா அடுத்த வாரம் போடறதுக்கு முன்னாடியே டாக்டர பாரு.

ஊத்தங்கரை அண்ணா: ஒரு எடத்துல பொடி தராங்க, ரெண்டே நாள்ல வலி போச்சே?

அதான்ணா சந்தேகமே. அவ்ளோ சீக்கிரம் கேட்டா ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மூஞ்சி உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும். ரொம்ப நாளா சாப்பிட்டிருந்தா பட்டுனு நிறுத்தறதும் ஆபத்து, பொட்டலத்தோட டாக்டர்கிட்ட போங்க.

ஓசூர் தங்கச்சி: குழந்தைக்கு பிளான் பண்றோம்.

மெத்தோட்ரெக்சேட், இதே நோய்க்கு குடுக்கற லெஃப்ளுனோமைடு ரெண்டும் கர்ப்பத்துல ஆகவே ஆகாதும்மா, மாசக்கணக்குல முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், அதுவரைக்கும் கர்ப்பத்தடை கட்டாயம். இதுக்கே குடுக்கற வேற மாத்திரைங்க சல்பாசலசின், ஹைட்ராக்ஸி குளோரோகுயின் தொடரலாம்னு பெரும்பாலும் சொல்வாங்க. சல்பாசலசின் போட்டா மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாத.

அரூர் பெரியவர்: மாம்பழம் சாப்பிடலாமா?

சுகர் இல்லேன்னா தாராளமா சாப்பிடுங்கய்யா. சாராயம்தான் கூடாது, லிவர் தாங்காது.