தியத்தலாவைக்குப் போக வேண்டியவர் யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை ஹப்புத்தளையிலிருந்து உங்கள் அண்ணனோடும் மகனோடும் வந்து, மகனைத் தியத்தலாவையில் நடக்கும் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். பயப்பட வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று அன்று அனுப்பி வைத்தேன். உங்கள் மகன் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

யுத்தம் 2009இலேயே முடிந்துவிட்டதே, இனி என்ன ஆபத்து என்று அண்ணன் கேட்டார். படைவாழ்க்கையின் கஷ்டம் குண்டுகளோடு மட்டும் வருவதல்ல. தியத்தலாவையில் எனக்குத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவரின் மனைவி, பிள்ளை காய்ச்சலில் கிடந்த மூன்று இரவும் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு விழித்திருந்தார். வடக்கில் முகாமில் இருந்த கணவருக்கு நான்காம் நாள்தான் லீவு கிடைத்தது. அவர் பாசமில்லாத தகப்பன் அல்லர். அனுமதியின்றி முகாமை விட்டு வருவது இராணுவச் சட்டப்படி குற்றம். பிடிக்கவில்லை என்று நினைத்தபோது விலகவும் முடியாது. அனுமதியின்றிப் படையை விட்டுப் போனவர்களுக்கு 2024 ஏப்ரலில் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் முன்வந்து சட்டப்படி விலகிக்கொண்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் சீருடைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளே. அதோடு, இராணுவத்தின் ஆட்பலத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. சுருங்கும் படையில் பதவி உயர்வை நம்பிக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனதார விரும்பிப் போகிற பிள்ளையை நான் தடுக்கமாட்டேன். உங்கள் மகனோ ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. என் அறையின் மின்விசிறி கரகரத்தபோது மட்டும் நிமிர்ந்து, "பேரிங் போயிட்டுது சேர்" என்றார். அவர் நகக்கண்களில் வார்னிஷ் கறை படிந்திருந்தது. தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளின் மோட்டர் எரிந்தால், பழைய கம்பியைக் கழற்றிச் சுற்றெண்ணிப் புதிதாகச் சுற்றுவதற்கு மெக்கானிக் ஐயா தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பிறகு சொன்னார்.

அந்தக் கைக்கு நாட்டில் ஒரு பாதை இருக்கிறது. நம் குடும்பங்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வேலை செய்தே தொழிலைக் கற்றவர் வகுப்பறையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டினால் அதே சான்றிதழ் கிடைக்கும். முறையாகப் பயில விரும்பினால், தொழிலிடத்திலேயே பழகும் பயிலுநர் பயிற்சியை நைட்டா என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. அங்கிருந்து படிப்படியாக ஏறினால், இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமான யுனிவொடெக் வரை போகலாம். இதையெல்லாம் சம்பாதித்துக்கொண்டே செய்யலாம் என்பதுதான் உங்கள் வீட்டு நிலைமைக்கு முக்கியமானது.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்த என்று உங்கள் தாலிக்கொடியை அடகு வைக்கக் கூடாது. படையில் சேர்த்துவிடுகிறேன் என்று யார் காசு கேட்டாலும் அது மோசடி. ஆட்சேர்ப்புக்கு எவருக்கும் கையூட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை மகனை மட்டும் அனுப்புங்கள். அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, தொழிற்சாலையில் வேலை செய்ததற்கான கடிதம், அவர் சுற்றிய மோட்டர்களின் படங்கள் ஆகியவற்றோடு வரட்டும். என்.வி.கியூ. விண்ணப்பத்தை இங்கேயே இருவருமாக நிரப்புவோம். அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.