முகப்பில் யார் பேசுகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

உண்மைக் கொலை வழக்கொன்றைச் சொல்லும் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' படித்து முடித்தேன். கொல்லப்பட்டவர்கள் ஒரே குடும்பத்து நால்வர். ஆனால் கடைசிப் பக்கத்தில் என் மனம் கொலைகாரன் பெர்ரி ஸ்மித் பக்கம் போய் நின்றது. முகப்பில் இருக்கும் பிரெஞ்சுக் கவிதையின் வேலையா இது? நான் அதைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.
ச.

அன்புள்ள ச.,

தாண்டிவிட்டு அதன்மேல் பழி போட முடியாது. பெரும்பாலானோர் தாண்டியிருப்பார்கள். 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு, மொழிபெயர்ப்பும் கிடையாது. கவிஞர் வியோன் எழுதிய, தூக்கில் தொங்குபவர்களின் பாடல் அது. ஏறக்குறைய இப்படி வரும்: 'எங்களுக்குப் பின் வாழும் உடன்பிறப்புகளே, எங்கள்மேல் நெஞ்சைக் கல்லாக்காதீர், எங்களுக்கு இரங்கினால் கடவுள் உங்களுக்கு விரைந்து இரங்குவார்.'

கபோட்டி எங்கே நிறுத்தினார் என்று பாருங்கள். அடுத்த வரிகளில் பிணங்கள் தொங்குகின்றன, தசை அழுகுகிறது. 'நீதிப்படிதான் கொல்லப்பட்டோம்' என்று அவர்களே ஒத்துக்கொள்ளும் இடமும் பின்னால் வருகிறது. அதெல்லாம் வேண்டாம், கெஞ்சல் மட்டும் போதும் என்று நான்கு வரியோடு வெட்டிவிட்டார். நம் சிலப்பதிகாரப் பதிகம் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்று கதை தொடங்குமுன்பே தீர்ப்பை வாசித்துவிடும். இங்கே வாசலில் நிற்பது கருணை மனு.

அதுவும் காலம் கடந்த மனு. வியோனின் தூக்குத் தண்டனை 1463இல் பாரிஸைவிட்டு வெளியேற்றுவதாகக் குறைந்தது. ஆனால் ஸ்மித்தும் அவன் கூட்டாளி ஹிக்காக்கும் 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்ட பிறகுதான் நூல் அச்சேறியது. வாசகரின் இரக்கத்தால் இனி யாரும் பிழைக்கப் போவதில்லை. அதனால் தாராளமாக இரங்கலாம்.

உங்கள் மனத்தைத் திருப்பியது பெர்ரியின் பிள்ளைப்பருவத்தைச் சொல்லும் பக்கங்கள் என்றே நினைக்கிறேன். முகப்பு வரிகள் ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அந்த மட்டில் நேர்மைதான். ஆனால் பலருக்குத் தெரியாத மொழியில் சொன்னதில் கொஞ்சம் கள்ளத்தனமும் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. 1959 நவம்பரில் கான்சாஸின் ஹோல்கோம்பில் செத்த நால்வரும் 'எங்களுக்குப் பின் வாழ்பவரே' என்று நம்மைக் கூப்பிடலாம். முகப்பில் அவர்களுக்கு இடமில்லை.

இன்னொரு முறை அந்த நான்கு வரிகளிலிருந்து தொடங்குங்கள். முதல் பகுதியில், சாவதற்கு முந்தைய நாள், அந்த வீட்டு மகள் நான்சி ஒரு சிறுமிக்கு செர்ரி பை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே வரும்போது அந்த வரிகள் யார் குரலில் கேட்கின்றன என்று எழுதுங்கள்.