திறப்பு யார் கையில் என்று பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து மகளைத் தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைக்கிறோம். எல்லா இடத்தின் கையேட்டிலும் பெரிய பெரிய கட்டடங்கள், நூலகம், மைதானம் என்று படம் போட்டிருக்கிறார்கள். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

நான் கல்லடிப் பிள்ளை. 2013 முதல் 2016 வரை தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தேன். ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏ.எல். முடித்த கையோடு அப்பாவும் நானும் முதலில் பார்க்கப் போனது வேறொரு இடம். பெயர் வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே லிப்ட், நூலகத்தில் பளபளக்கும் அலுமாரிகள். நேரம் நாலேகால். அலுமாரிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு பூட்டின் மேல் விரலை வைத்தேன், தூசி ஒட்டியது. கம்ப்யூட்டர் அறையும் பூட்டு. "சார் லீவு, சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பூட்டைப் பார்க்கிறதுக்கா மகள் இவ்வளவு காசு கட்டுறது?"

அன்றிலிருந்து எந்த வளாகத்துக்குப் போனாலும் என் கண் திறப்பைத்தான் தேடும். (அங்கே போய்த் திறப்பு என்று கேட்டால் முழிப்பார்கள். சாவி என்று கேட்க வேண்டும் என்பதை மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.)

இந்தப் பழக்கத்துக்கு இன்னும் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்து வயது. கடல் ஊருக்குள் ஏறியபோது நாங்கள் கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓடி வந்து டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். விடுமுறை என்பதால் எல்லா வகுப்பும் பூட்டியிருந்தது. வோச்சர் ஐயா இடுப்பில் திறப்புக்கோர்வையோடு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனார். மண்டபத்தில் முதல் நாள் நத்தாருக்குக் கட்டிய நிறக் கடதாசிச் சங்கிலி அப்படியே தொங்கியது, அதற்குக் கீழே வாங்குகளைச் சேர்த்துப் போட்டு வயதானவர்களைப் படுக்க வைத்தார்கள். கைக்குழந்தைகளைக் கழுவ நல்ல தண்ணீர் வந்த இடம் விஞ்ஞான ஆய்வுகூடத்துத் தொட்டிதான். அதையும் அவர்தான் திறந்துவிட்டார். அந்த ஓட்டுக் கட்டடத்தை நான் இன்றைக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் கடப்பேன்.

மட்டக்களப்பில் மிஷன் கட்டடங்கள் நமக்குப் புதிதில்லை. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் 1814-ல் இங்கே வந்து, அடுத்த வருசமே காலமானார். அவரை நினைவில் வைத்திருக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. புனித மிக்கேல் 1873-ல் தொடங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடலில் பின்னேரத்தில் பெடியன்கள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுத்தான் என் தம்பி அந்த விளையாட்டில் விழுந்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமே 1981-ல் ஒரு மத்திய மகா வித்தியாலயத்தின் பழைய கட்டடங்களுக்குள் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986-ல்தான் பல்கலைக்கழகம் ஆனது. கட்டடம் பழசா புதுசா என்பதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சரி, தாம்பரத்துக்கு வருகிறேன். அது பல்கலைக்கழகம் இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரி: பாடத்திட்டமும் பரீட்சையும் கல்லூரி பார்க்கும், பட்டம் பல்கலைக்கழகம் தரும். (பல்கலைக்கழகம் என்றே வேண்டுமானால் கோயம்புத்தூர்ப் பக்கம் காருண்யா இருக்கிறது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது பல்கலைக்கழகத்துக்குச் சமமாக அரசு ஏற்றுக்கொண்ட நிறுவனம்.) 1837-ல் சென்னை நகரத்துக்குள் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, நூறு வருசம் கழித்து, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. 360 ஏக்கருக்கு மேல் நிலம், பாதிக்குக் குறையாமல் காடு என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அந்தப் பசுமையை வளர்ப்பதில் பெரிய பங்கு எடுத்தவர். காலையில் வகுப்புக்குப் போகும் பாதையில் புள்ளிமான் நின்று பார்க்கும். முதல் வாரம் வீட்டு நினைவில் அழுதுகொண்டு நடந்த எனக்கு அந்த மான்தான் முதல் ஆறுதல்.

ஆனால் அந்த வளாகத்தின் உயிர் ஹால்கள்தான். இடம் மாறியபோதே சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று ஆண்களுக்கு மூன்று விடுதிகளைக் கட்டினார்கள். அங்கே 'ஹாஸ்டல்' என்று சொன்னால் திருத்துவார்கள். பெண்களுக்கான ஹால்கள் பிறகு வந்தவை, நான் இருந்தது மார்ட்டின் ஹால். தாவரவியல் பிள்ளையும் தத்துவப் பிள்ளையும் ஒரே விறாந்தையில் இருப்போம். பரீட்சைக் காலத்தில் அந்த விறாந்தை லைட்டை யாரும் அணைக்க மாட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரைக்கும் படிப்போம். கையேட்டில் படம் போடாத அந்த விறாந்தையில்தான் என் பட்டத்தின் பாதியைப் படித்தேன்.

2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய மழை ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியாவது வீட்டுக்குப் போக வழி இருந்தது, கடல் தாண்டிய எங்களுக்கு இல்லை. மின்சாரமும் இல்லாத அந்த நாட்களில் சாப்பாட்டு அறைக் கதவு மூடப்படவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் சுடுகஞ்சி குடித்தபோது எனக்கு அந்த வோச்சர் ஐயாவின் ஞாபகம் வந்தது.

பெண்பிள்ளையின் தாய் நீங்கள், ஆகவே இதைக் கட்டாயம் கேளுங்கள்: நூலகம் எத்தனை மணி வரைக்கும், பெண்கள் விடுதிக் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நூலகம் எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும், பெண்களுக்குக் கேட் ஆறரைக்கு மூடும் என்றால் அந்த ஒன்றரை மணித்தியாலம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வசதி. கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். பல இடங்களில் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

கழிவறையை விடுதியில் பார்ப்பதோடு நிறுத்தாமல் வகுப்பு நடக்கும் கட்டடத்திலும் பாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். சாப்பல், அதாவது வளாகத்துச் சிறு தேவாலயம் பற்றியும் கேளுங்கள். நான் சைவப்பிள்ளை. அமைதியாக இருக்க இடம் தேடிச் சாப்பலுக்குப் போய் உட்கார்ந்த நாட்கள் உண்டு, ஒருவரும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. எல்லா இடமும் அப்படி என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் வழிபாட்டுக்கு வருவது கட்டாயம். சேருமுன் தெரிந்துகொள்வது நல்லது. அப்புறம், பட்டம் இலங்கையில் செல்லுமா என்று நம்முடைய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முதலே விசாரித்துவிடுங்கள்.

போவதென்றால் வேலைநாளில், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். பெற்றோருக்கென்று அவர்கள் வைக்கும் நாளில் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். தாம்பரம் என்றால் எழும்பூரில் மின்சார ரயில் ஏறி, இறங்கியதும் கிழக்குப் பக்கமாக வெளியே வாருங்கள். உள்ளே போனதும் மகளை முன்னால் விடுங்கள், அங்கே நிற்கும் பிள்ளைகளிடம் அவளே கதைக்கட்டும். நீங்கள் பின்னால் மெதுவாக நடந்து கதவுகளைப் பாருங்கள்.